வாயசைவு

ஷட்டர்காரரின் வலது கையை மேஸ்திரி உடைத்தது ஒரு பரீட்சைக்காக. சொன்னால் யாரும் நம்புவதில்லை. இடத்தகராறா, பெண் விவகாரமா, குடித்திருந்தார்களா என்றுதான் கேட்கிறார்கள். குடிக்கவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காலை வேளை. இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வந்து வேலைக்கு நின்றவர்கள். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அந்தச் சந்தின் முனையில் எனக்குப் பஞ்சர் கடை.

சந்து முழுக்கத் தகரப் பட்டறைகள். ஒரு பக்கம் மேஸ்திரி. தண்ணீர்த் தொட்டி, தானியம் கொட்டி வைக்கிற டிரம், புகைபோக்கி, எது கேட்டாலும் தகட்டை வளைத்து அடித்துக் கொடுப்பார். அவருக்கு நேர் எதிரே ஷட்டர்காரர். கடைகளுக்கு இழுத்து மூடுகிற ஷட்டர் செய்பவர். நடுவில் ஒரு வண்டி நுழைகிற இடம்தான். காலையில் இரண்டு பக்கமும் சுத்தியலை எடுத்தால் மதியச் சோற்றுக்குத்தான் கீழே வைப்பார்கள். புதிதாக டயர் உருட்டிக்கொண்டு வருபவன் காதைப் பொத்திக்கொண்டு என்னிடம் கத்துவான். நான் அவன் உதட்டைப் பார்த்தே, பின் சக்கரம்தானே என்று விரலைக் காட்டுவேன். அவன் என்னை ஏதோ மந்திரவாதி மாதிரிப் பார்ப்பான்.

மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. அந்தச் சந்தில் தொண்டையால் பேசிப் பிரயோஜனம் கிடையாது, அவ்வளவுதான். எல்லோரும் உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரில் இருப்பவன் பார்த்துப் புரிந்துகொள்வான். சாப்பிட்டாச்சா என்பதும் அப்படித்தான், கெட்ட வார்த்தையும் அப்படித்தான். மேஸ்திரிக்கு இரண்டு காதும் முக்கால்வாசி போய்விட்டது. அவருடைய சம்சாரத்தை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் அவள்தான். அவளுக்கும் பாதிக் காது இல்லை. மூத்தவன் வெல்டிங் பார்க்கிறான், அவனைப் பெரியவன் என்போம். அடுத்தது பாப்பா. கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிற பெண்ணை இன்னும் பாப்பா என்றுதான் சந்தே கூப்பிடுகிறது.

பாப்பா எழுத்துக் கூட்டிப் படித்ததே தகட்டுக் குவியலுக்கு நடுவில்தான். அக்கா உதட்டை அசைத்துச் சொல்லிக் கொடுப்பாள், இது உதட்டை அசைத்துத் திருப்பிச் சொல்லும். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. புத்தகத்தை எடுத்தால் சத்தமே வராது, உதடு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். எங்களில் ஒருத்தருக்கும் அது வித்தியாசமாகப் பட்டதில்லை. எங்கள் எல்லோருக்குமே அந்தப் பழக்கம் இருந்தது.

அந்த வருஷம் பாப்பாவின் கல்லூரியில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். பாடம் வீடியோவில் வந்தது. பரீட்சையை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். மேற்பார்வைக்கு வாத்தியார் கிடையாது, மடிக்கணினிக்குள் ஒரு மென்பொருள். அது கேமராவால் பார்க்கும், மைக்கால் கேட்கும், சந்தேகம் வந்தால் திரையில் சிவப்புக் கட்டம் போடும். மூன்று பரீட்சையில் சிவப்பு விழுந்தால் முறைகேடு என்று அர்த்தம். மூன்று வருஷப் படிப்பும் ரத்து. எந்த அறையில் உட்கார்ந்து எழுதப்போகிறோம் என்பதை முன்கூட்டியே படம் பிடித்துப் பதிவு செய்ய வேண்டும், பிறகு மாற்ற முடியாது. பாப்பா பட்டறைக்குப் பின்னால் இருக்கிற அறையைப் பதிவு செய்திருந்தது. அவர்களுக்கு வேறு அறை ஏது?

முதல் பரீட்சையில் சிவப்பு. காரணம், அறையில் அதிகச் சத்தம். மேஸ்திரி தன் வேலையை நிறுத்தினார். இரண்டாவதிலும் சிவப்பு, அதே காரணம். எதிர்ப்பக்கத்துச் சத்தம் சுவரைத் தாண்டி வந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு பேப்பர்.

அன்று காலையில் மேஸ்திரி பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். முந்தின நாள் மழை, தகரக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மரச் சுத்தியல், அதுதான் கொட்டாப்புளி, எப்போதும் போல இடுப்பில் செருகியிருந்தது. ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்துக் கேட்டார். எல்லோரும் சரி என்று சுத்தியலைக் கீழே வைத்தார்கள். கடைசியில் ஷட்டர்காரர்.

"ரெண்டு மணி நேரம் நிறுத்துப்பா. பாப்பா எழுத உக்காந்துருச்சு."

"அண்ணே, பாப்பா எனக்கும் பிள்ளைதான். ஆனா கடைக்காரன் நெஞ்சு மேல ஏறி உக்காந்துருக்கான். இன்னைக்கு மாட்டலைன்னா வேற ஆளப் பாக்குறேன்னுட்டான். நாலஞ்சு ரிவிட்டுதான் பாக்கி. அடிச்சிட்டுப் போயிடறேன்."

"ஒண்ணு கூட அடிக்கக் கூடாது."

"நீ என்ன சந்துக்கே முதலாளியா? உன் வீட்டுப் பரீட்சைக்கு நான் சோத்துல மண்ணைப் போட்டுக்கணுமா?"

"அடிச்சின்னா பாரு."

"அடிப்பேன். என் இடம், என் சுத்தியல்."

எதிரே எதிரே நின்று வருஷக்கணக்கில் கேலி பேசிச் சிரித்தவர்கள். பாப்பா அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். ஷட்டர்காரர் வீம்புக்குத்தான் சுத்தியலை ஓங்கினார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அவர் முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது. மேஸ்திரி அதைப் பார்க்கவில்லை. ஓங்கிய கையை மணிக்கட்டில் பிடித்தார், தண்டவாளத் துண்டின் மேல் வைத்து அழுத்தினார். அதன் மேல் வைத்துத்தான் அங்கே எல்லோரும் தகடு அடிப்பார்கள். இடுப்பிலிருந்து கொட்டாப்புளியை உருவி ஒரே போடு போட்டார். எலும்பு நொறுங்கியது எனக்கே கேட்டது.

அதற்குப் பிறகு செய்ததுதான் பாவம். ஷட்டர்காரர் அலற வாயைத் திறந்தார். மேஸ்திரி அவர் மேல் விழுந்து அந்த வாயைப் பொத்தினார். தோளில் கிடந்த துணியை எடுத்து உள்ளே திணித்தார். "கத்தாத. கத்தாதடா. பாப்பா எழுதுது" என்று காதோடு சொல்லிக்கொண்டே இருந்தார். ஷட்டர்காரரின் சம்சாரம் உள்ளேயிருந்து ஓடி வந்து மேஸ்திரியின் முதுகில் அடித்தாள், முடியைப் பிடித்து இழுத்தாள். அவளும் சத்தம் போடவில்லை. பழக்கமா, பயமா, தெரியாது. நானும் பெரியவனும் சேர்ந்து இழுத்து எடுத்தோம். ஷட்டர்காரரை என் பழைய வேனில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சந்து முனை தாண்டியதும்தான் அந்த மனுஷன் வாயிலிருந்து துணியை எடுத்தார். எடுத்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். "என்னைக் கத்தக்கூட விடலையேப்பா" என்றார்.

பாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அது உள்ளே உட்கார்ந்து அமைதியாக எழுதிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே செய்தி வந்தது. மூன்றாவது சிவப்பு. காரணம்: வாயசைவு. அறையில் இருந்த வேறு நபருடன் சத்தமில்லாமல் பேசியது. விசாரணைக்குப் பெற்றோருடன் வரவும்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது மேஸ்திரி வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே அவர் பெரியவனை அடித்துக்கொண்டிருந்தார். கையில் கிடைத்தது வெட்டிப்போட்ட தகட்டுக் கீற்று. சட்டை கிழிந்து, முதுகில் கோடு கோடாக ரத்தம். இருபத்தைந்து வயசு ஆம்பிளை, திருப்பி ஒரு தள்ளு தள்ளினால் அப்பன் சுவரில் போய் விழுவான். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"உள்ள போனியா இல்லையா? சொல்லு! தங்கச்சிக்குப் பதில் சொல்லிக் குடுத்தியா?"

"நான் எட்டாவதுல நின்னவன்ப்பா. நான் என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?"

"அப்ப யாரு? மெஷினு பொய் சொல்லுமா? மெஷினுக்கு உன் மேல என்ன கோவம்? யாரோ உள்ள இருந்துருக்காங்க. இவ யார்கிட்டயோ பேசிருக்கா!"

பாப்பா ஓடி வந்து அண்ணன் முதுகை மறைத்துக்கொண்டு நின்றது. தகட்டுக் கீற்று அதன் தோளிலும் ஒரு கோடு போட்டது. அக்கா போய் மேஸ்திரியின் காலைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து உட்கார வைத்தேன். "யோவ், முதல்ல அதுல என்ன அனுப்பிருக்கான்னு பாருய்யா" என்று அவர் முகத்துக்கு நேரே உதட்டை அசைத்தேன்.

செய்தியோடு ஒரு வீடியோவும் அனுப்பியிருந்தார்கள். பாப்பா மடிக்கணினியைத் திறந்து ஓட விட்டது. திரையில் பாப்பாவின் முகம். உதடு அசைகிறது, ஓரமாகச் சிவப்புக் கட்டம் துடிக்கிறது. நாங்கள் எல்லோரும் அந்த உதட்டைப் பார்த்தோம். பெரியவன்தான் முதலில் வாய்விட்டுச் சொன்னான்.

"கீழ்க்காணும் அட்டவணையைக் கொண்டு... சராசரியைக் கணக்கிடுக... ஏம்மா, இது கேள்விதானே?"

"ஆமாண்ணா."

"கேள்வியைப் படிச்சிருக்கு, அவ்வளவுதான். வேற என்னத்தைப் பேசுச்சாம்?"

அக்கா பார்த்தாள், நான் பார்த்தேன், மேஸ்திரியும் பார்த்தார். முதலிலிருந்து கடைசி வரை அந்த உதடு கேள்வியை மட்டும்தான் படித்தது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் 'ஐயோ, இது வராதுன்னு விட்டுட்டேனே' என்றது. முதல் இரண்டு பரீட்சையிலும் பாப்பா இப்படித்தான் எழுதியிருக்கும். அப்போது சத்தம் இருந்ததால் மென்பொருள் சத்தத்தைப் பிடித்தது. சத்தம் நின்றதும் உதட்டைப் பிடித்துவிட்டது. ஒருத்தன் கையை உடைத்துச் சம்பாதித்த அமைதி இப்படி ஆனது. மேஸ்திரி தகட்டுக் கீற்றைக் கீழே போட்டார். பெரியவன் முதுகைத் தொடக் கையை நீட்டினார். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அன்றைக்கு அந்த வீட்டில் சோறு வடித்தது வடித்தபடி இருந்தது. அக்கா மஞ்சளைக் குழைத்து மகன் முதுகில் போட்டாள். காயம் நான்கு நாளாகியும் ஆறவில்லை. விசாரணைக்கு அவனை விட்டுவிட்டு, மூன்று பேரையும் நான்தான் வேனில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கல்லூரி அறையில் சில்லென்று இருந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் தேர்வு அதிகாரி, வயதான அம்மாள், பேப்பரிலிருந்து கண்ணையே எடுக்காதவர். இன்னொருவரைப் பசங்க புதுமுறை சார் என்று கூப்பிடுவார்களாம். எல்லா மாற்றத்தையும் கொண்டுவந்தவர் அவர்தான். எனக்குப் பார்த்ததும் எரிந்தது. ஆனால் ஆள் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரிக்குக் காது கேட்காது என்றதும் எழுந்து வந்து முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசினார்.

"ஐயா, நான் ஏன் மெஷின் கொண்டு வந்தேன் தெரியுமா? முன்னாடி ஹால்ல பரீட்சை நடக்கும். வசதியான வீட்டுப் பசங்களுக்கு மேற்பார்வை பாக்குறவரே துண்டுச்சீட்டு குடுப்பாரு. உங்க பொண்ணு மாதிரிப் பிள்ளைங்க நேர்மையா எழுதி ஃபெயிலாகும். மெஷினுக்கு வேண்டியவன் வேண்டாதவன் கிடையாது. அதுக்குத்தான்."

"அது நல்லதுதான் சார்" என்றார் மேஸ்திரி. காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி அறை அதிரப் பேசினார். "ஆனா எங்க பொண்ணு யார்கிட்டயும் பேசல. அது கேள்வியைப் படிச்சுது. எங்க சந்துல எல்லாரும் அப்படித்தான் சார். வாயில பேசுவோம், சத்தம் வராது."

தேர்வு அதிகாரி அம்மாள் முதல் முறையாக நிமிர்ந்தார். "சத்தம் வராம பேசுவீங்களா?"

"ஆமாம்மா."

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்?"

பாப்பா கையைப் பிசைந்துகொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த அக்கா, பெற்ற வயிறு கேட்குமா, பழக்க தோஷத்தில் உதட்டை அசைத்தாள். 'பயப்படாத. உள்ளதைச் சொல்லு' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பாப்பா தலையை ஆட்டியது.

"பாத்தீங்களா!" தேர்வு அதிகாரி மேஜையைத் தட்டினார். "இங்கயே, என் கண்ணு முன்னாடியே! அம்மா சொல்லிக் குடுக்கிறாங்க, பொண்ணு வாங்கிக்குது. இதுக்கு மேல என்ன விசாரணை?"

"ஏம்மா, அறிவிருக்கா உங்களுக்கு?" என்று நான் கத்திவிட்டேன். "பயப்படாதன்னு பெத்தவ சொன்னா அது காப்பியடிக்கிறதா?" காவலாளி வந்து என் தோளில் கை வைத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட, அவன் என் கழுத்தைப் பிடிக்க, நாற்காலி கவிழ, அங்கேயே ஒரு தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. புதுமுறை சார்தான் நடுவில் வந்து விலக்கினார்.

கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நான் நேர்ல வந்து பாக்குறேன்" என்றார். "இந்தப் பழக்கம் நிஜம்னா, வீடியோல அந்த உதடு கேள்வியைத்தான் படிச்சுதுன்னு ஏத்துக்கலாம். ஆனா சம்பந்தமில்லாத ஒருத்தர் அதை நடத்திக் காட்டணும். விதி அப்படி. சொந்தக்காரங்க கூடாது, சிநேகிதக்காரங்களும் கூடாது. இவரும் கூடாது" என்று என்னைக் காட்டினார். "உங்களுக்கு வேண்டாதவர் யாராவது இருந்தா இன்னும் நல்லது. அவர் சாட்சியை யாரும் மறுக்க முடியாது. அப்படி யாராவது இருக்காங்களா?"

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். பாப்பாதான் சொன்னது. "எதிர்ல சித்தப்பா இருக்காரு சார்."

மறுநாள் நானும் பாப்பாவும் ஷட்டர்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் வலது கையை மாவுக்கட்டோடு தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் இனி மடங்காது என்று சொல்லியிருந்தார்கள். அவர் சம்சாரம் எங்களைப் பார்த்ததும் துடைப்பத்தை எடுத்தாள்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்தீங்க? கையை உடைச்சது கூடப் போகட்டும். வாயில துணியைத் திணிச்சானே பாவி! மாட்டை அறுக்கிறவன் கூட அதைக் கத்த விடுவான்."

பாப்பா அவள் காலில் விழுந்தது. "சித்தி, அப்பா செஞ்சது தப்பு. எனக்கு அப்பவே தெரிஞ்சிருந்தா எழுதாமலே எந்திரிச்சு வந்துருப்பேன். என்னை வேணா அடிங்க."

"உன்னை அடிச்சு எனக்கு என்னடி ஆகப்போகுது?" அவள் துடைப்பத்தை எறிந்துவிட்டு அழுதாள்.

ஷட்டர்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போலீசுக்குப் போகச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் அவர் போகவில்லை. "வரேன்மா" என்றார். "உன் படிப்புக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். அவரை வரச் சொல்லு. உங்கப்பனையும் எதிர்ல நிக்கச் சொல்லு." அவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பாப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

சார் வந்த அன்று வெயில் கொளுத்தியது. தகரம் அனலாகக் கொதித்தது. வேலை எல்லாப் பட்டறையிலும் வழக்கம் போல நடக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். சுத்தியல்கள் ஆரம்பிக்கும் முன்பே ஷட்டர்காரரைத் தனியாகக் கூட்டிப்போய் காதில் ஏதோ சொன்னார். பிறகு பாப்பாவிடம் வந்தார்.

"அவர்கிட்ட ஒரு வாக்கியம் சொல்லிருக்கேன். அதை அவர் உங்கப்பாகிட்ட உதட்டால சொல்லுவாரு. நீ இங்கேருந்து பாத்து எனக்குச் சொல்லணும். சரியா சொல்லிட்டா முடிஞ்சுது. நானே எழுதிக் குடுத்துடறேன்."

நாங்கள் என் கடை வாசலில் நின்றோம். சார் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சந்தின் நடுவில், பழைய டிரம்களுக்கு அந்தப் பக்கம், மேஸ்திரி தன் பட்டறை வாசலில் நின்றார். எதிர்வாசலில் ஷட்டர்காரர், மாவுக்கட்டுப் போட்ட கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. அவர் பின்னால் அவர் சம்சாரம். சுத்தியல்கள் ஆரம்பித்தன. தரை அதிர்ந்தது. சார் முகத்தைச் சுளித்தார்.

ஷட்டர்காரரின் உதடு அசைந்தது. எனக்கும் தெரிந்தது.

பாப்பா சாரின் காதில் கத்தியது. "கையை வைன்னு சொல்றாரு சார்!"

"என்ன?"

"உன் கையைத் தண்டவாளத் துண்டு மேல வை, அப்பதான் நான் சாட்சி சொல்லுவேன்னு சொல்றாரு!"

சார் செல்போனைக் கொஞ்சம் தாழ்த்தினார். அவர் முகம் வாடிவிட்டது. "இல்லம்மா. நான் சொன்னது மழையைப் பத்தி. நாளைக்கு மழை வரும், தகட்டை உள்ள எடுத்து வைன்னு. நீ சொல்றது தப்பு."

"சார், அவரு மழைன்னே சொல்லல சார்! கையை வைன்னுதான் சொன்னாரு!"

"பதட்டப்படாத. இன்னொரு தடவை பாரு."

மேஸ்திரி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பாப்பா சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தது. "அப்பா சொல்றாரு, பொண்ணு பாக்குது, அவளை அனுப்பிட்டு வச்சுக்கலாம்னு. சித்தப்பா சொல்றாரு, என் பொண்டாட்டி பாத்தா இல்ல, உன் பொண்ணும் பாக்கட்டும்னு... சார், நிறுத்தச் சொல்லுங்க சார்!"

"எதை நிறுத்தணும்?" சாருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இரண்டு பேர் வாயை மென்றுகொண்டு நிற்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

"அப்பா சரிங்கிறாரு! வைக்கிறேன், ஆனா அப்புறம் நீ பேச்சு மாறக் கூடாதுன்னு..."

மேஸ்திரி சந்தைக் கடந்து போனார். ஷட்டர்காரருடைய பட்டறைத் தண்டவாளத் துண்டின் முன் மண்டியிட்டு, வலது கையை அதன் மேல் விரித்து வைத்தார். பாப்பா சொன்னபடியே, சொன்ன அதே இடம். அப்போதுதான் சாருக்கு உறைத்தது. "டேய்! நிறுத்து! நிறுத்துங்கய்யா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் கத்தல் அவர் மூக்கைத் தாண்டவில்லை. பாப்பா ஓடியது, நான் ஓடினேன். நடுவில் டிரம்கள். ஒன்று உருண்டு என் காலில் மோதியது.

ஷட்டர்காரர் இடது கையால்தான் சம்மட்டியை எடுத்தார். வலது கைதான் இல்லையே. அந்தக் கைக்குப் பழக்கம் இல்லாததால் குறி தவறி, விரலில் விழ வேண்டியது மணிக்கட்டுக்கு மேல் விழுந்தது. சந்தே சுத்தியலாக அடித்துக்கொண்டிருந்ததால் அந்த அடி தனியாகக் கேட்கவில்லை. மேஸ்திரியின் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டதை மட்டும் பார்த்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவே இல்லை.

பார்த்தவர்கள் ஒவ்வொருவராகச் சுத்தியலை நிறுத்தினார்கள். பெரியவன் வெல்டிங் முகமூடியை எறிந்துவிட்டு வந்து ஷட்டர்காரரின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஷட்டர்காரர் தடுக்கவில்லை. சம்மட்டி அவர் கையிலிருந்து தானாக நழுவியது. "போதும்டா, தீந்துச்சு" என்று முனகினார். அவர் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டாள். "உன்னை யாருய்யா கேட்டா இதை? நான் கேட்டனா?" என்று புருஷனையே திட்டித் திட்டி அழுதாள். அக்கா தன் சேலையைக் கிழித்து மேஸ்திரியின் கையைச் சுற்றினாள். கை இருந்த கோலத்தை நான் எழுதப்போவதில்லை.

மேஸ்திரி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். கண் பாப்பாவின் முகத்தைத் தேடியது. உதடு மட்டும் அசைந்தது. 'சார் பாத்தாரா?'

பாப்பா சார் பக்கம் திரும்பியது. "சார், அப்பா கேக்குறாரு. நீங்க பாத்தீங்களான்னு கேக்குறாரு."

சார் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் முன்பு ஓரமாகப் போய் வாந்தி எடுத்திருந்தார். "பாத்தேம்மா" என்றார். "நீ சொன்னது எல்லாம் சரி. ஒண்ணு விடாம சரி. முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

நான் வேனைப் பின்னால் எடுத்து வந்தேன். பெரியவன் அப்பாவைத் தூக்கினான். மேஸ்திரி கதவுக் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டார். எவ்வளவு இழுத்தும் ஏறவில்லை. பிடியை விடவும் இல்லை. சேலைத் துணியை மீறி ரத்தம் படியில் சொட்டியது. உதடு மறுபடி அசைந்தது. 'எழுதிக் குடுக்கச் சொல்லு.'

"என்னய்யா மனுஷன் நீ!" என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

சார் என் கடைக்குள் ஓடினார். டியூப் ஒட்டுகிற மேஜையில் குனிந்து, என்னுடைய பேனாவால் எழுதினார். எழுத்து கோணிப்போய் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டார். மூன்றாவதில் எழுதிக் கையெழுத்துப் போட்டு பாப்பாவிடம் நீட்டினார். பாப்பா அதை வாங்கிப் படிக்கக்கூட இல்லை. கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டு வேனுக்கு ஓடி வந்தது.

அப்போது சந்தில் ஒரு சுத்தியல் சத்தம் கூட இல்லை. பாப்பா அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று, நான் அதுவரை கேட்டே இராத ஒரு குரலில், தொண்டை கிழிய அலறியது.

"எழுதிட்டாருப்பா! ஏறித் தொலை!"

அவருக்கு அது கேட்டிருக்காது. அதன் உதட்டைப் பார்த்தார். கம்பியை விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.